எட்டுக்கால் ஐ.சி.க்கு வக்காலத்து

பாக்தாத்
பிப்ரவரி 9, ஞாயிறு, அஸர் தொழுகைக்குப் பின்

அளவற்ற அருளாளனின் பெயரால். ஸ்வீடன் தேசத்துக் கம்பெனியில் பவர் சப்ளை வரைந்து கொடுக்கும் மதிப்புக்குரிய இன்ஜினியரும் என் தங்கை நஜீபாவின் ஒரே மகனுமாகிய ஸர்மதுக்குப் பெரியம்மா பத்ரிய்யா எழுதுவது. இங்கே யாவரும் நலம் என்று எழுதுவது முறை. எழுதிவிட்டேன், ஆனால் நலமில்லை. உனக்கும் உன் மனைவிக்கும் பிள்ளைக்கும் ஸலாம். உன் அம்மாவுக்கும் ஸலாம். ஸலாத்தை நிறுத்துவது பாவம் என்பதால் அதையும் சொல்லிவிட்டேன்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் சொன்னால் உன் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு கேட்பாள். போன ரமளானில் நான் உன்னிடம் பெருமூச்சு விட்டதற்கு அவளிடமிருந்து பதில் வந்தது. அதனால்தான் காகிதம். எதிர்வீட்டு மருமகள் வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இதையும் பேரீச்சம்பழம் வைத்துச் சுட்ட கிலீச்சா ஒரு டப்பாவையும் கொடுத்தனுப்புகிறேன். கிலீச்சா உன் பிள்ளைக்கு, உனக்கில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. வீட்டில் ஒருத்திதான் பள்ளிக்கூடம் போக முடியும் என்று எங்கள் தகப்பனார் சொன்ன அன்று உன் அம்மா அழுதாள், நான் அழவில்லை. அழுதவள் டீச்சர் ஆனாள். இதில் எழுத்துப் பிழை இருந்தால் அவளிடம் கேள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மகன் கஸ்வான் இந்த வீட்டுக் கீழ்த்தளத்தில் பதினேழு வருடமாகக் குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர்களுக்குப் பவர் சப்ளை போர்டு செய்கிறான். சுவரிலிருந்து முரட்டுத்தனமாக வரும் கரன்ட்டை வாங்கி, விசிறிக்கும் முட்டை புரட்டும் மோட்டாருக்கும் சூடு பார்க்கும் கருவிக்கும் பன்னிரண்டு வோல்ட்டாகப் பணிவோடு கொடுப்பது அந்தப் போர்டு. அதற்கு மூளை ஒரு ஐ.சி. உனக்குத் தெரிந்ததையே ஏன் எழுதுகிறேன் என்றால், உன் மனைவியும் இதைப் படிப்பாள். நியாயம் யார் பக்கம் என்று வீட்டில் ஒருவருக்காவது விளங்க வேண்டும். பதினேழு வருடமும் அந்த மூளைக்கு எட்டுக் கால். சமையலறை மேஜையில் உட்கார்ந்து அந்த எட்டுக் காலையும் துளைகளில் செருகிக் கொடுப்பவள் நான், கவிழ்த்துப் போட்டு ஈயம் வைப்பவன் அவன். நாங்கள் செய்த போர்டு வெயிலில் கொதித்தது, தூசியில் புதைந்தது, ஒன்றின் மேல் ஆடு நின்றது. எல்லாம் ஓடியது.

போன அக்டோபரில் நீ வந்தாய். ஆட்டுத்தலையும் காலும் போட்டு நாள் முழுக்க வேகவைத்த பாச்சாவை ஒரு வாய் தின்றுவிட்டு, "கொழுப்பு" என்று தட்டைத் தள்ளினாய். அதை மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை. கையைக் கழுவி வந்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து என் மேஜை விரிப்பில் கொட்டினாய். எள் என்று நினைத்து ரொட்டிமேல் தூவப் போனேன். "ஐயோ பெரியம்மா, அது ஐ.சி.!" என்று கையைப் பிடித்தாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், எறும்புக்குப் பிறந்ததுபோல் ஆறு கால்.

அன்று நீ பேசியது ஒரு சொல் விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"பெரியம்மா, பழசு எப்பவும் முழிச்சிட்டே இருக்கும். வேலை இருந்தாலும் இல்லாட்டியும் கரன்ட்டைக் குடிக்கும், சூடாகும். புதுசு அப்படி இல்ல. வேலை கம்மியானா தூங்கிடும்."

"பகல்லயா?"

"எப்பவானாலும்."

"கூலிக்கு வந்தவன் தூங்குனா நாங்க வெளிய அனுப்புவோம். உங்க ஊர்ல பரிசு குடுக்குறீங்களா?"

"அது மட்டுமில்ல. கரன்ட் சரியில்லேன்னா தானே அணைஞ்சு தன்னைக் காப்பாத்திக்கும்."

"தன்னைக் காப்பாத்திக்கும், சரி. முட்டையை யாருடா காப்பாத்துவா?"

இதற்குச் சிரித்தாய். உன் தகப்பனாரும் அப்படித்தான், அல்லாஹ் அவரை மன்னிப்பானாக. எங்கள் மாமனார் வீட்டுக் கூரை சரிந்த அன்று எல்லாருக்கும் முன்னால் தெருவுக்கு ஓடிவந்து நின்று, "பயப்படாதீங்க, எனக்கு ஒண்ணும் ஆகலை!" என்று உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆறுதல் சொன்ன மனிதர். அந்த ஆறுகாலைப் பார்த்ததும் எனக்கு அவர் முகம்தான் தெரிந்தது. இதைச் சொல்ல வாயெடுத்தபோது கஸ்வான், "யும்மா, கொஞ்சம் பேசாம இரேன், அவன் சொல்லட்டும்" என்றான். பதினேழு வருடத்தில் என் மேஜையில் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னது அன்றுதான்.

பிறகு உன் மீட்டரை எடுத்து என் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துப் பிளக்கில் மூன்று நாள் செருகி வைத்தாய், நோட்டில் குறித்தாய். 'இந்த ஊர்க் கரன்ட் இவ்வளவு, ஆகவே நூற்றெண்பதுக்குக் கீழே இறங்கினால் கரன்ட் கெட்டது என்று பொருள், ஆறுகால் அணைந்துவிடட்டும்' என்று கணக்குப் போட்டு, அதற்கு இந்த ரெசிஸ்டர் என்று கஸ்வானுக்கு எழுதிக் கொடுத்தாய். அவன் அதை ஓதிய தாயத்துபோல் பட்டறைச் சுவரில் ஒட்டினான். நீ விமானம் ஏறினாய்.

இனி நடந்ததைக் கேள். ஹில்லாவில் ஹாஜி கஹ்தான் என்று ஒரு பண்ணைக்காரர். பன்னிரண்டு இன்குபேட்டர். பதினைந்து வருடமாக எங்கள் போர்டுதான். பழசானதை மாற்றக் கேட்டார். இவன் பன்னிரண்டிலும் ஆறுகாலை வைத்துக் கொடுத்தான். டிசம்பரில் ஓடியது. ஜனவரியில் குளிர் கடித்தது. ஹில்லா முழுக்க விடிந்ததும் எலெக்ட்ரிக் ஹீட்டரைப் போட்டார்கள். உன் ஆறுகால் துரை எட்டிப் பார்த்தார், கரன்ட் பிடிக்கவில்லை, அணைந்தார். மறுபடி எட்டிப் பார்த்தார், அணைந்தார். டிக். டிக். டிக். பன்னிரண்டு பெட்டியிலும் விசிறி நின்று நின்று ஓடுகிறது, முட்டை குளிர்கிறது. ஹாஜி போன் போட்டதும் கஸ்வான் கார் பிடித்து ஓடினான். போய்ச் சேரும்போது நடுப்பகல், நல்ல வெயில், ஊரில் ஹீட்டர் எல்லாம் அணைந்திருந்தது. மீட்டரை வைத்தால் இருநூற்றைந்து. போர்டு பன்னிரண்டும் மாப்பிள்ளைபோல் ஓடுகிறது. காவல்காரன் சத்தியம் பண்ணுகிறான், "கரன்ட் இருந்துச்சு உஸ்தாத், பல்பு எரிஞ்சுது, உங்க போர்டுதான் நின்னுது." இவன் தலைகுனிந்து திரும்பி வந்தான்.

எட்டுக்கால் இருந்தவரை கரன்ட்டை அளக்கும் வேலையே எங்களுக்கு வந்ததில்லை. வந்ததைத் தின்று ஓடும். பட்டறை மேஜைக்கு ஸ்டெபிலைசர் வேறு. அவனுக்கு எப்படித் தெரியும்? உன்னைத்தான் போனில் கேட்டோம். நீ சொன்னதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"அது ரிப்பேர் இல்ல பெரியம்மா. சந்தேகம் வந்தா அணையும், மறுபடி முயற்சி பண்ணும். எங்க ஆளுங்க அதுக்கு விக்கல்னு பேரு வச்சிருக்காங்க."

"விக்கலுக்கு நாங்க தண்ணி குடுப்போம். உன் ஐ.சி.க்கு என்னத்தடா குடுக்க?"

"நல்ல கரன்ட் குடுங்க."

"நல்ல கரன்ட் குடுத்தா கழுதைகூட பவர் சப்ளை ஓட்டும்."

"ஆனா உங்க ஊர்க் கரன்ட் நல்லாத்தானே இருக்கு, நானே மூணு நாள் அளந்தேனே! கஸ்வான் பத்தவச்சதுல எங்கயோ கோளாறு."

அந்த இடத்தில் நான் பேச்சை மாற்றிக் குழந்தைக்குப் பல் முளைத்ததா என்று கேட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, அது இங்கே தேவையில்லை.

முட்டை வைத்த இருபத்திரண்டாம் நாள் ஹாஜியே வந்தார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே கீச்சுக் கீச்சு.

"உம்மு கஸ்வான், நாலாயிரம் முட்டை வச்சேன்."

"மாஷா அல்லாஹ்."

"மாஷா அல்லாஹ் சொல்லாத, வயிறு எரியுது. முப்பத்தொண்ணு பொரிச்சுது." பெட்டியை என் சமையலறை நடுவில் வைத்தார். "இந்தா. உன் மகன் பொரிச்சது. உன் வீட்டுலயே வளரட்டும்."

"டீ குடிச்சிட்டாவது போங்க ஹாஜி."

"சர்க்கரை தூக்கலாப் போடு. கோவமா இருக்கேன்." மூன்று கிளாஸ் குடித்தார். கிளம்பும்போது கஸ்வானைப் பார்த்து, "மகனே, உன்னைத் திட்ட எனக்கு வாய் வரலை, பதினஞ்சு வருஷம். மார்ச் ஒண்ணாந்தேதி அடுத்த முட்டை வைக்கிறேன். அன்னைக்குப் போர்டு நின்னுச்சுன்னா நானும் வேற ஆளைப் பாத்துக்குறேன், ஹில்லாவும் வேற ஆளைப் பாத்துக்கும்" என்றார்.

அந்த முப்பத்தொன்றும் இப்போது என் குளியலறையில் இருக்கின்றன. பேத்தி ஸுஹா எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள், ஆகையால் ஒன்றையும் அறுக்க முடியாது. நான் கை கால் கழுவி உளூ செய்யப் போனால் தொழுகைக்கு வந்த ஜமாஅத்துபோல் பின்னால் வரிசையாக நிற்கின்றன. இந்தக் காகிதத்தின் ஓரத்தில் தெரியும் கறை மை அல்ல.

இதற்குமேல்தான் நீ பெரிய உபகாரம் செய்தாய். "கடையை மூடிட்டு இங்க வந்துடு கஸ்வான், எங்க கம்பெனி ரிப்பேர் பிரிவுல ஆள் கேக்குறாங்க, பேப்பர் நான் பாத்துக்குறேன்" என்று அவனுக்குச் செய்தி அனுப்பினாய். என்னைக் கேட்டாயா? உன் அம்மா என்னைக் கேட்காமல் என் கல்யாணப் பட்டுத் துணியை எடுத்துத் தலையணை தைத்தவள். அந்தப் புத்தி எங்கே போகும்? இவன் மனைவி ரஷா கம்பளி நூல் வாங்கிவிட்டாள். ஸுஹா பனிமனிதன் வரைகிறாள். இவனோ, "ஒண்ணாந்தேதி ஓடுனா இருக்கேன் யும்மா. ஓடலேன்னா போறேன். என் கையில இனி வேலை இல்லேன்னு அர்த்தம்" என்கிறான். நான் எங்கே போவேன்? மூன்று மணிக்கே இருட்டுகிற ஊருக்கு வந்து, உன் அம்மா போடும் ஆறின டீயைக் குடித்துக்கொண்டு, அவள் ஜன்னல் வழியாக அவள் பனியைப் பார்ப்பேனா?

பழைய ஐ.சி.யையே வைப்போம்டா என்று அவனிடம் நான் சொல்லாத நாளில்லை. "ஸர்மத் படிச்சவன், கணக்கு தப்பாது. இப்போ பழசுக்கு ஓடிப் போனா என் கைக் கோளாறை மூடி மறைச்ச மாதிரி. தவிர நல்ல எட்டுக்கால் எங்க கிடைக்குது?" என்கிறான். கிடைக்காதா, நான் கொண்டுவருகிறேன் பார் என்று, நகப்பூச்சு அழிக்கும் தண்ணீர் ஒரு புட்டியும் பஞ்சும் எடுத்துக்கொண்டு ஸினக் சந்தைக்குப் போனேன். கடைக்காரன் ஒரு குழாய் நிறைய எட்டுக்கால் கொடுத்தான். அங்கேயே அவன் கல்லாமேல் வைத்துப் பஞ்சால் தேய்த்தேன். பெயர் கரைந்து வந்துவிட்டது. பஞ்சில் ஒரு கம்பெனி, ஐ.சி. முதுகில் வேறொரு கம்பெனி.

"என்னம்மா பண்றீங்க? சரக்கைக் கெடுக்கறீங்களே!"

"நான் கெடுக்கலை தம்பி, மேக்கப்பைக் கலைச்சேன். இது யாரு பெத்ததுன்னு இதுக்காவது தெரியுமா?"

"எல்லாம் ஓடும்மா. ஓடலேன்னா கொண்டு வாங்க."

"ஓடலேன்னா என் மகன் ஸ்வீடன் போயிடுவான். அவனைக் கொண்டு வருவியா?"

பத்தில் ஏழு பொய். ஆனாலும் மூன்று மெய். நாலு கடை ஏறி இறங்கிப் பன்னிரண்டு மெய்யானதைத் தேய்த்தெடுத்துவிட்டேன். முட்டி வீங்கிவிட்டது. இவன் தொடமாட்டேன் என்கிறான்.

ஆகவே ஸர்மத், நான் கேட்பது ஒன்றுதான். நீ உன் கையால், உன் கம்பெனித் தாளில், அவனுக்கு எழுது. 'ஆறுகால் உங்கள் நாட்டுக்கு ஆகாது. அது நோஞ்சான், சோம்பேறி, கோழை. நான் அதைக் கொடுத்தது தப்பு. உன் கையில் பிழை இல்லை. எட்டுக்காலை வை' என்று எழுது. இன்ஜினியர் எழுதினால் நம்புவான், பெற்றவள் சொன்னால் நம்பமாட்டான். நீ எழுதாவிட்டால், மறுமை நாளில் நாலாயிரம் முட்டையையும் கூட்டிக்கொண்டு வந்து உனக்கு எதிரே சாட்சி நிறுத்துவேன்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், உன் பிள்ளைக்கு எங்கள் குடும்பத்து மூளையையும், உன் மனைவிக்குப் பொறுமையையும் கொடுப்பானாக. உன் அம்மாவின் முழங்கால் வலி தீரட்டும். தீர்ந்தால் தானே எழுந்து டீ போடுவாள், உன் மனைவிக்குக் கொஞ்சம் ஓய்வு. உனக்குக் கண் படாமல் நான் சுற்றிப் போட்டதாக வைத்துக்கொள்.

கோபத்தோடும் துஆவோடும்
பெரியம்மா பத்ரிய்யா

பின்குறிப்பு: இன்று வியாழன். உறையை ஞாயிற்றுக்கிழமையே ஒட்டப் போனேன். அப்போது கஸ்வான் மாடிக்கு வந்தான். கையில் அவனுடைய சால்டரிங் இரும்பு, வயரைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தது. "பக்கத்துத் தெரு ரேடியோக்காரன் கேட்டான் யும்மா, குடுத்துடுறேன். ஒண்ணாந்தேதி வரைக்கும் எதுக்கு? நம்ம வீட்டுல ஸர்மத் மூணு நாள் அளந்தான், ஒரு தடவைகூட இருநூத்திப் பத்துக்குக் கீழ வரலை. அப்போ கரன்ட்டும் சரி, கணக்கும் சரி. மிச்சம் இருக்கறது என் கைதான்" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்கு நெஞ்சு நின்று ஓடியது, டிக், டிக் என்று.

எழுதிவிடுகிறேன். நீ அளந்தது எங்கள் கரன்ட் இல்லை. நீ வருவதற்கு முந்தின நாள், தெரு ஜெனரேட்டர்காரன் அபூ தஹ்ஸீனிடம் போய், இருபத்துநாலு மணி நேரமும் குறையாமல் வரும் தங்க லைனை இரண்டு வாரத்துக்கு மட்டும் வாங்கி, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இழுத்து, சமையலறைக்கும் நீ படுத்த அறைக்கும் கொடுக்கச் சொன்னேன். கீழே பட்டறைக்குத் தெரியாது. நீ போன மறுநாள் கழற்றிவிட்டேன். ஏன் என்றால், எண்பத்து நாலாம் வருடம், பெருநாள் மூன்றாம் நாள், என் மாமியார், நாத்தனார், எல்லோரும் உட்கார்ந்த விருந்தில் உன் அம்மா மேலே பார்த்து, "அக்கா, உன் வீட்டு பல்பு மஞ்சக்காமாலை வந்தவன் கண்ணு மாதிரி எரியுதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீ ஊருக்குப் போய் அவளிடம் என் வீட்டு வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லக் கூடாது என்று நினைத்தேன். நீ மீட்டரோடு வருவாய் என்று நான் கண்டேனா?

இதைக் கஸ்வானிடம் சொல்லிவிட்டேன். அவன் இரும்பை என் மேஜைமேல் வைத்தான். அப்புறம், "நாலாயிரம் முட்டை யும்மா" என்றான். "தெரியும்" என்றேன். அப்புறம் சிரித்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, ரஷா பயந்து ஓடிவரும் அளவுக்குச் சிரித்தான். சால்டரிங் இரும்பைக் கீழே கொண்டுபோய்ப் பழைய ஆணியில் மாட்டிவிட்டு, மீட்டரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "மூணு நாள். நீதான் அளக்கணும். ஒரு வோல்ட்கூட ஏத்திச் சொல்லக் கூடாது" என்றான். அளந்தேன். குர்ஆன்மேல் கை வைத்ததுபோல் எழுதுகிறேன்: விடிந்ததும் 149. பத்து மணிக்கு 171. நடுப்பகல் 198. அஸருக்கு 166. பொழுது சாய்ந்து மஃரிபுக்கு எல்லோரும் ஹீட்டரைப் போடும்போது 138, அதுதான் அடிமட்டம்.

இதற்குத் தக்க ரெசிஸ்டர் எது என்று கணக்குப் போட்டு உடனே சொல். மேலே உன்னை எழுதச் சொன்ன கடிதத்தை எழுதாதே. ஆறுகால்மேல் பழி இல்லை, கெட்ட கரன்ட்டைக் கெட்டது என்று அது ஒன்றுதான் இந்த வீட்டில் உண்மை பேசியது. ஆனாலும் அது பகலில் தூங்குவதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஒன்றாம் தேதிக்கு நாள் அதிகமில்லை, ஆகையால் போனிலேயே கூப்பிடு; ரெசிஸ்டர் நம்பரை மட்டும் சொல், வேறு எதுவும் பேசாதே. உன் அம்மா பக்கத்தில் இருந்துகொண்டு, "அக்கா வீட்டுல இப்போ கரன்ட் எப்படி?" என்று கேட்டால், இருநூற்று இருபது என்று சொல்.